பாட்டுப் போடுகிறவர்கள்

ரெகே இசை எனக்கு வந்து சேர்ந்தது என் தம்பி மகள் வழியாக. ஒலிப்பதிவு படிக்கிற பெண். விடுமுறைக்கு வந்திருந்தவள், நான் கைபேசியில் பாப் மார்லியின் பாட்டொன்றை ஓடவிட்டிருப்பதைப் பார்த்து, “இதுல பாதிப் பாட்டுதான் வரும் பெரியப்பா” என்றாள். சொன்னதோடு விடவில்லை. பரணில் கிடந்த ஆம்ப்ளிஃபயரையும் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டையும் இறக்கித் தூசி தட்டி, ஒயரைச் சுரண்டி முறுக்கி இணைத்து, அதே பாட்டை மறுபடி போட்டாள். அடுக்களையில் எவர்சில்வர் தட்டுகள் கிணுகிணுத்தன.

அவள் சொன்னதில் கணக்கு இருக்கிறது. பேஸ் கிட்டாரின் மிகத் தடித்த தந்தி நொடிக்கு 41 முறை அதிர்கிறது. கைபேசிக்குள் இருக்கும் நகமளவு ஸ்பீக்கரால் 200 அதிர்வுகளுக்குக் கீழே உருப்படியாக எதையும் தர முடியாது. வேறு இசையாக இருந்தால் கொஞ்சம் சோகையாகக் கேட்கும், அவ்வளவுதான். ரெகேயில் மெட்டைத் தூக்கிச் செல்வதே பேஸ்தான். அதை எடுத்துவிட்டால் மேலே கிட்டாரின் ‘சக்... சக்...’ மட்டும் மிஞ்சும். ரெகேயை ‘கடற்கரை விடுதி இசை’ என்று பலர் ஒதுக்கிவிடுவதற்கு அவர்கள் அதைக் கேட்ட கருவிகளும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

தாளத்திலும் ஒரு குறும்பு உண்டு. நான்கு அடித் தாளமென்றால் முதல் அடியில் எடை விழும் என்று நம் காது காத்திருக்கும். ‘ஒன் டிராப்’ என்று ஜமைக்காவில் சொல்லும் முறையில், முதல் அடியில் டிரம்ஸ்காரர் சும்மா இருந்துவிடுகிறார். மூன்றாவது அடியில்தான் காலால் மிதிக்கும் பெரிய டிரம்மையும் ஸ்நேர் டிரம்மின் விளிம்பையும் சேர்த்து ஒரே போடாகப் போடுகிறார். இரண்டிலும் நான்கிலும் கிட்டாரும் பியானோவும் வெட்டி வெட்டி நிறுத்துகின்றன. இப்படி எல்லோரும் ஒதுங்கி விட்டுவைத்த வெளியில் பேஸ் நிதானமாக நடை போடுகிறது. மார்லியின் குழுவில் இந்த இரண்டு வேலைகளையும் பார்த்தவர்கள் அண்ணன் தம்பி: பேஸில் ஆஸ்டன் பாரெட், டிரம்ஸில் கார்ல்டன் பாரெட். ஒருவர் மூச்சை ஒருவர் அறிந்தவர்கள்.

அடுத்து அவள் மூன்று பாடல்களை வரிசையாகப் போட்டாள். முதலாவது 1967இல் ‘சவுண்ட் டைமன்ஷன்’ என்ற குழு வாசித்த ‘ரியல் ராக்’. குரல் கிடையாது, வாத்தியம் மட்டும். இரண்டாவது 1979இல் மிச்சிகன், ஸ்மைலி என்ற இரட்டையர் பாடியது. மூன்றாவது வில்லி வில்லியம்ஸ் பாடிய ‘ஆர்மகிடியன் டைம்’. மூன்றிலும் அடியில் ஓடுவது அதே பேஸ், அதே ஆர்கன். மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் பாட்டுதான் வேறு வேறு. இந்த மூன்றாவது பாட்டை லண்டனின் பங்க் குழுவான ‘தி கிளாஷ்’ 1979இல் தன் போக்கில் திரும்பப் பாடியது. “ஒரே ட்யூனை எத்தனை பேர்தான் திருடுவாங்க?” என்று கேட்டேன். “திருட்டு இல்ல, அதுக்குப் பேரு ரிடிம். அங்க அப்படித்தான்” என்றாள்.

ஏன் அப்படி என்பதற்கான விடை, ரெகேயின் வரலாற்றைப் பாடகர்களின் வரலாறாகப் படிக்கும்வரை கிடைக்காது. மார்லி, பீட்டர் டாஷ், ஜிம்மி கிளிஃப், டூட்ஸ் ஹிபெர்ட் என்று குரல்களின் வரிசையாகத்தான் அதை வழக்கமாகச் சொல்கிறார்கள். ஜமைக்கா இசையின் போக்கைத் தீர்மானித்தவர்கள் பாடியவர்களைவிடப் பாட்டைப் போட்டவர்கள்தான் என்பது என் கட்சி. அந்தப் பட்டியலில் ஒரு ஹார்டுவேர் கடைக்காரர், ஒரு சாராயக்கடை முதலாளி, ஜூக்பாக்ஸ் பராமரிக்கிற ஒருவர், ரேடியோ ரிப்பேர்காரர் ஒருவர் என எல்லோரும் இருக்கிறார்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்துக் கிங்ஸ்டன் நகரில் வாத்தியக் குழுவை வைத்து நடன விருந்து நடத்துவது செலவு பிடிக்கும் காரியம். எட்டுப் பத்துப் பேருக்குக் கூலியும் சாப்பாடும் தர வேண்டும். ஒரு கிராமஃபோன் தட்டு, வால்வு ஆம்ப்ளிஃபயர், ஆளுயர மரப்பெட்டி ஸ்பீக்கர்கள், இவற்றை இயக்க இரண்டு மூன்று பேர் என்றால் செலவு குறைவு, சத்தமும் அதிகம். நம் ஊர்க் கொடைக்கும் கல்யாணத்துக்கும் ரேடியோ செட் கட்டுகிறவர்களைப் போல, கிங்ஸ்டனின் ஏழைத் தெருக்களில் ‘சவுண்ட் சிஸ்டம்’காரர்கள் உருவானது இப்படித்தான். வித்தியாசம் ஒன்று உண்டு. அங்கே ரேடியோ செட்டுக்காரரே விழாவும் நடத்துவார். சுற்றுவேலி கட்டிய திறந்தவெளியில் நுழைவுச்சீட்டு விற்று, உள்ளே ரம்மும் பீரும் விற்று வருமானம் பார்ப்பார்.

முதலில் பேர் வாங்கியவர் ‘டாம் தி கிரேட் செபாஸ்டியன்’. இயற்பெயர் டாம் வாங். சீன வம்சாவளி, ஹார்டுவேர் வியாபாரி. அடுத்து வந்த டியூக் ரீட் போலீஸ் வேலையை விட்டவர். பாண்ட் தெருவில் ‘டிரெஷர் ஐல்’ என்ற சாராயக்கடை வைத்திருந்தார், இடுப்பில் துப்பாக்கியோடு நடனத்துக்கு வருவார். கிளெமென்ட் டாட், ஊர் வைத்த பேர் ‘காக்ஸன்’, கரும்பு வெட்டும் கூலியாக அமெரிக்கா போய்த் திரும்பும்போது ரிதம் அண்ட் புளூஸ் இசைத்தட்டுகளை வாங்கிவந்தவர். டாட்டிடம் வேலை பார்த்துப் பிரிந்து தனியாகக் கடை போட்ட முன்னாள் குத்துச்சண்டைக்காரர் பிரின்ஸ் பஸ்டர்.

இவர்களுக்குள் நடந்த போட்டி சத்தத்தில் மட்டும் இல்லை. யாரிடமும் இல்லாத தட்டு யாரிடம் இருக்கிறது என்பதில் இருந்தது. நியூயார்க், மயாமி, நியூ ஆர்லியன்ஸ் கடைகளில் தேடிப் பொறுக்கி வந்த தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைச் சுரண்டி எடுத்துவிடுவார்கள். பாடியவர் பெயரும் தெரியக்கூடாது, கம்பெனி பெயரும் தெரியக்கூடாது. தெரிந்தால் எதிராளி அடுத்த கப்பலில் ஆளனுப்பி வாங்கிவிடுவான். அமெரிக்க சாக்ஸபோன்காரர் வில்லிஸ் ஜாக்சனின் ‘லேட்டர் ஃபார் தி கேட்டர்’ தட்டை டாட் இப்படித்தான் பேர் தெரியாமல் வைத்துக்கொண்டு, ‘காக்ஸன் ஹாப்’ என்று தன் பேரையே சூட்டித் தன் கூட்டத்தின் அடையாள இசையாக ஓட்டிக்கொண்டிருந்தார். டியூக் ரீட் அதைத் தேடிக் கண்டுபிடித்து ஒருநாள் தன் செட்டில் போட்டுவிட்டார். டாட்டின் முகம் விழுந்துபோன கதையை அந்தத் தலைமுறையினர் பல விதமாகச் சொல்லியிருக்கிறார்கள்.

1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ரசனை ராக் அண்ட் ரோல் பக்கம் திரும்ப, கிங்ஸ்டன் கூட்டத்துக்குப் பிடித்த வகைத் தட்டுகளின் வரத்து குறைந்தது. வெளியிலிருந்து சரக்கு வராதபோது உள்ளூரில் செய்துகொள்ள வேண்டியதுதானே? ரீடும் டாட்டும் பஸ்டரும் உள்ளூர்ப் பாடகர்களையும் ஜாஸ் வாசித்துப் பழகிய ஓட்டல் வாத்தியக்காரர்களையும் கூட்டிவந்து பதிவுசெய்தார்கள். ஆரம்பத்தில் அவை விற்பனைக்கு வரவில்லை. ஒரே ஒரு பிரதி. மெத்தென்ற அசிட்டேட் தட்டில் வெட்டப்பட்டது. சில டஜன் முறை ஓடினால் தேய்ந்துவிடும். அன்றிரவு நடனத்தில் போடுவதற்கு மட்டும். கூட்டம் ஆடினால் பிறகு ஆயிரக்கணக்கில் அச்சிட்டு விற்பார்கள், ஆடாவிட்டால் தூக்கி எறிவார்கள். பாட்டு முதலில் வீதிக்குப் போய் தேர்வு எழுதிவிட்டுத்தான் கடைக்கு வந்தது. உலகில் வேறெங்கும் இசைத்தட்டுத் தொழில் இந்தத் திசையில் ஓடியதாக நான் படித்ததில்லை.

1962 ஆகஸ்ட் 6 அன்று ஜமைக்கா சுதந்திரம் பெற்றபோது தீவெங்கும் ஒலித்த துள்ளல் இசை ‘ஸ்கா’. அதை வாசித்தவர்களில் கணிசமானோர் கிங்ஸ்டனின் ஆல்ஃபா சிறுவர் பள்ளியில் வளர்ந்தவர்கள். ஆதரவற்ற பிள்ளைகளுக்காகக் கத்தோலிக்கக் கன்னியர் நடத்திய அந்தப் பள்ளியில் டிரம்பெட்டும் டிராம்போனும் கைத்தொழில்போலக் கற்பிக்கப்பட்டன. டான் டிரம்மண்ட் அங்கே படித்தவர்தான். பள்ளியின் இசைக்குப் பொறுப்பாக இருந்த சிஸ்டர் மேரி இக்னேஷியஸ் பற்றிப் படித்தபோது எழுந்து உட்கார்ந்தேன். அவரிடம் நூற்றுக்கணக்கான இசைத்தட்டுகள் இருந்தன. சொந்தமாக ஒரு சவுண்ட் சிஸ்டமும் வைத்திருந்தார். ஓய்வு நாட்களில் தானே தட்டுகளைத் தேர்ந்தெடுத்துப் பிள்ளைகளுக்குப் போட்டுக்காட்டுவார். நடனக் கூட்டங்களில் எது ஓடுகிறதோ அதை வாங்கிவரச் சொல்லி மூத்த பையன்களைக் கடைக்கு அனுப்புவார். துறவி உடையில் ஒரு ‘செலக்டர்’. பாட்டுப் போடுகிறவரை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். மைக்கைப் பிடித்துப் பேசிக் கூட்டத்தைக் கிளப்புகிறவர்தான் அங்கே ‘டீஜே’. மற்ற நாடுகளின் வழக்கத்துக்கு இது தலைகீழ்.

ஸ்காவின் ஓட்டம் 1966 வாக்கில் தளர்ந்து ‘ராக்ஸ்டெடி’ ஆனது. அந்த ஆண்டுக் கோடையின் வெக்கையில் ஆட முடியாமல்தான் வேகம் குறைந்தது என்று ஒரு சுவையான விளக்கம் உண்டு. இரண்டாண்டு நீடித்த மாற்றத்தை ஒரு கோடையின் வெயில் விளக்குமா என்பது சந்தேகமே. எதனாலோ, வேகம் குறைந்ததும் பேஸுக்கு இடம் கிடைத்தது. மின்சார பேஸ் கிட்டார் பரவியதும் அதே காலம். 1968இல் டூட்ஸும் மேட்டல்ஸும் பாடிய ஒரு தட்டின் தலைப்பில் ‘ரெகே’ என்ற பேர் வந்து ஒட்டிக்கொண்டது.

இப்போது ரிடிமுக்கு வருகிறேன். 1960களின் கடைசியில் ஸ்பானிஷ் டவுன் ஊரில் ரட்டி ரெட்வுட் என்ற சவுண்ட் சிஸ்டம்காரர் இருந்தார். டியூக் ரீடின் ஸ்டுடியோவில் ‘பாரகன்ஸ்’ குழுவின் ‘ஆன் தி பீச்’ பாட்டுக்கு அவருக்கென்று ஒரு அசிட்டேட் வெட்டினார்கள். வெட்டும்போது பொறியாளர் பைரன் ஸ்மித் குரல் தடத்தைச் சேர்க்காமல் விட்டுவிட்டார். வெறும் வாத்தியம். கெட்டுப்போன தட்டென்று வீசியிருக்கலாம். ரெட்வுட் அதை அப்படியே கேட்டு வாங்கிக்கொண்டு போய், நடனத்தில் முதலில் குரலோடு உள்ள தட்டைப் போட்டார். உடனே குரலில்லாத தட்டைப் போட்டார். குரல் இருக்க வேண்டிய இடத்தில் கூட்டம் பாடத் தொடங்கியது. அந்த இரவில் மறுபடி மறுபடி அதையே போடச் சொன்னார்களாம்.

அதன்பின் ஜமைக்காவில் வெளியான சிறு தட்டுகளின் முதல் பக்கத்தில் பாட்டும் மறுபக்கத்தில் ‘வெர்ஷன்’ என்ற பேரில் குரலற்ற வடிவமும் வரத் தொடங்கின. முதலாளிக்கு இது லாபம், மறுபக்கத்துக்கென்று தனியாக ஒரு பாட்டைப் பதிவுசெய்யும் செலவு மிச்சம். செலக்டருக்கு இன்னும் லாபம். வெற்றிடம் கிடைத்ததும் அதில் டீஜே ஏறிக்கொண்டார். இவார்ட் பெக்ஃபோர்ட் என்ற ‘யூ-ராய்’ 1970இல் டியூக் ரீடின் பழைய ராக்ஸ்டெடித் தடங்களின் மேல் பேச்சும் பாட்டும் கூச்சலும் கலந்து பதிவுசெய்த மூன்று தட்டுகள் ஒரே சமயத்தில் ஜமைக்கா பட்டியலின் முதல் மூன்று இடங்களைப் பிடித்தன. அவற்றில் ஒன்று பாரகன்ஸ் பாட்டொன்றின் மேலேயே கட்டியது. பழைய குரல் அங்கங்கே தலைநீட்டும். யூ-ராய் அதற்குப் பதில் சொல்வார், கிண்டல் செய்வார், சில இடங்களில் முந்திக்கொள்வார். தம்பி மகள் இதைப் போட்டபோது இருவர் ஒரே மைக்குக்கு மல்லுக்கட்டுவதுபோல எனக்குக் கேட்டது.

யூ-ராய் பேசிய சவுண்ட் சிஸ்டத்தின் உரிமையாளர்தான் இந்தக் கதையின் மையப்பாத்திரம் என்பேன். ஆஸ்போர்ன் ரட்டக், எல்லோருக்கும் கிங் டப்பி. ரேடியோ, ஆம்ப்ளிஃபயர் பழுதுபார்ப்பவர். டிரான்ஸ்ஃபார்மருக்குக் கம்பி சுற்றித் தருபவர். வாட்டர்ஹவுஸ் பகுதியில் டிராமிலி அவென்யூ 18ஆம் எண் வீட்டின் ஒரு சின்ன அறை அவருடைய ஸ்டுடியோ. பாடகர்கள் நின்று பாடுவதற்குக் குளியலறையை மாற்றியமைத்திருந்தார். பெரிய ஸ்டுடியோ ஒன்று கழித்துக்கட்டிய நான்கு தட மிக்ஸரை வாங்கி, தன் தேவைக்கேற்பத் திருத்திவைத்திருந்தார். முழு வாத்தியக் குழு நுழைய அங்கே இடம் கிடையாது. தேவையும் இல்லை. வேறு இடத்தில் பதிவான டேப்பைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். டப்பி அதைப் பிரித்துப்போட்டுப் பூட்டுவார்.

‘டப்’ என்று பேர்பெற்ற அந்த வேலையைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். டேப் ஓடுகிறது. முதல் வரியில் குரல் இருக்கிறது. வரி முடியும் கடைசிச் சொல்லை மட்டும் எதிரொலிக் கருவிக்குள் தள்ளிவிட்டுக் குரல் தடத்தை இழுத்து மூடுகிறார். சொல் தேய்ந்துகொண்டே போகிறது. கிட்டாரை மூடுகிறார். பேஸும் டிரம்ஸும் மட்டும் எலும்புக்கூடாக நடக்கின்றன. நான்கு சுற்றுக் கழித்து கிட்டார் ஒரே ஒரு வெட்டு வெட்டிவிட்டு மறைகிறது. மிக்ஸரில் இருந்த பெரிய திருகைத் திருப்பினால் அடியோசை முழுக்க வற்றி, டிரம்ஸ் தகரம்போலச் சலசலக்கும். மறுபடி திருப்பியதும் பேஸ் வந்து மார்பில் மோதும். ஸ்பிரிங் பொருத்திய எதிரொலிப் பெட்டியைத் தட்டினால் இடி இடிக்கும். அதையும் பாட்டில் சேர்த்தார்கள். இதையெல்லாம் ஒரே மூச்சில் கையால் செய்ய வேண்டும். அடுத்தமுறை செய்தால் வேறு மாதிரி வரும். வாத்தியம் எதையும் தொடாத ஒருவர், ஏற்றி இறக்கும் விசைகளையே வாத்தியமாக வாசித்தார். மெலோடிக்கா ஊதும் அகஸ்டஸ் பாப்லோவோடு சேர்ந்து 1976 வாக்கில் அவர் செய்த ‘கிங் டப்பிஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்’ தான் நான் இன்றும் முதலில் போட்டுக்காட்டும் தட்டு. 1989 பிப்ரவரி 6 அன்று டப்பி தன் வீட்டுவாசலில் சுட்டுக்கொல்லப்பட்டார். கொன்றவர்கள் யாரென்று இன்றுவரை நிரூபணமாகவில்லை.

மார்லியைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். இங்கே ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1972இல் ஐலண்ட் ரெக்கார்ட்ஸின் கிறிஸ் பிளாக்வெல் 4,000 பவுண்ட் முன்பணம் கொடுத்து, மார்லியின் வெயிலர்ஸ் குழுவை ஒரு முழு நீளத் தட்டைப் பதிவுசெய்யச் சொன்னார். கிங்ஸ்டனிலிருந்து வந்த டேப்பின் மேல் லண்டனில் ஓர் அமெரிக்கரின் ராக் கிட்டாரும் இன்னோர் அமெரிக்கரின் கீபோர்டும் ஏற்றப்பட்டு 1973இல் ‘கேட்ச் எ ஃபயர்’ வெளிவந்தது. கிங்ஸ்டன் டேப் எப்படி இருந்தது என்பது 2001 மறுவெளியீட்டில்தான் பொதுமக்களுக்குக் கிடைத்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால், வெள்ளை ராக் ரசிகர்களுக்கு வழிவிட எவ்வளவு இடம் மாற்றப்பட்டிருக்கிறது என்று புரியும். வீதிக்கூட்டத்துக்குப் போட்டுக்காட்டச் செய்த இசை, வீட்டில் தனியாக உட்கார்ந்து கேட்கும் ஆல்பமாக மாறியது அப்போதுதான். உலகம் அதை அந்த வடிவில்தான் வாங்கிக்கொண்டது. மார்லியின் குரலுக்கும் எழுத்துக்கும் இதனால் ஒரு குறையும் இல்லை. என் கைபேசிவரை அவர் வந்து சேர்ந்ததும் அந்த ஆல்பங்களால்தான்.

பாட்டுப் போடுகிறவர்களுக்கு அரசியலிலும் பங்கு இருந்தது. 1980இல் பிரதமரான எட்வர்ட் சியாகா முன்னாளில் இசைத்தட்டுக் கம்பெனி நடத்தியவர், நாட்டார் சடங்குகளின் இசையைப் பதிவுசெய்த மானுடவியலாளரும்கூட. அவருடைய எதிராளி மைக்கேல் மேன்லி 1972 தேர்தலை ரெகே பாடல்களின் துணையோடு வென்றார். இரு கட்சிகளின் ஆயுதக் கூட்டங்கள் மேற்குக் கிங்ஸ்டனைக் கூறுபோட்டிருந்த சூழலில், 1978 ஏப்ரல் 22 அன்று மேடையில் மார்லி இருவர் கைகளையும் பிடித்துச் சேர்த்து உயர்த்திய படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். 1980 தேர்தல் ஆண்டில் நூற்றுக்கணக்கானோர் கொல்லப்பட்டதை அந்தப் படத்தோடு சேர்த்துச் சொல்கிறவர்கள் குறைவு.

ராஸ்தஃபாரி சமயம் இல்லாமல் ரெகே இல்லை. 1930இல் எத்தியோப்பியாவின் பேரரசராக முடிசூடிய ஹைலி செலாசியைக் கடவுளாகக் கொண்ட அந்த இயக்கத்தின் முன்னோடி லெனர்ட் ஹாவெல், தன் நூலை ‘ஜி. ஜி. மராக்’ என்ற புனைபெயரில் வெளியிட்டார். ‘மகாராஜ்’ அதில் எதிரொலிப்பதாக ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். காரணம் தூரத்தில் இல்லை. 1845 முதல் 1917 வரை ஏறத்தாழ 36,000 இந்தியர் ஒப்பந்தக் கூலிகளாக ஜமைக்கா கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பாலோர் வட இந்தியர். சென்னையிலிருந்து கப்பலேறியவர்களும் உண்டு. கஞ்சா என்ற செடிப்பேரும் அவர்களோடுதான் தீவில் இறங்கியது. சடைமுடியும் சாதுக்களிடமிருந்து போனது என்று சிலர் வாதிடுகிறார்கள். ஆப்பிரிக்க மூலத்தைச் சொல்கிறவர்களும் வலுவாகவே இருக்கிறார்கள். இதில் நம்மவர் பங்கைப் பெரிதுபடுத்தி மார்தட்ட எனக்கு விருப்பமில்லை. தோட்டத்தில் அடுத்தடுத்த குடிசையில் கிடந்தவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் வாங்கிக்கொண்டார்கள், அவ்வளவே.

சவுண்ட் சிஸ்டம் கப்பலும் விமானமும் ஏறியது. பிரிட்டனில் குடியேறிய ஜமைக்கர்களை மதுக்கடைகளும் விடுதிகளும் ஒதுக்கியபோது, அவர்கள் வீட்டு நிலவறைகளில் ஸ்பீக்கர் அடுக்கினார்கள். நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிக்கு 1967இல் பன்னிரண்டு வயதில் வந்த கிங்ஸ்டன் சிறுவன் கிளைவ் கேம்ப்பெல், 1973 ஆகஸ்ட் 11 அன்று செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் அடுக்ககத்தின் பொது அறையில் பாட்டுப் போட்டார். விருந்துக்கு ஏற்பாடு செய்தது தங்கை சிண்டி. பள்ளி திறப்பதற்குள் புதுத்துணி வாங்கக் காசு சேர்க்க வேண்டும் என்பது அவள் யோசனை. பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50. கூல் ஹெர்க் என்று பேர் பெற்ற அண்ணன் அமெரிக்கக் கூட்டத்துக்கேற்ப ரெகேயை விட்டு ஃபங்க் தட்டுகளுக்கு மாறினாலும், பெரிய ஸ்பீக்கர், மைக்கில் பேச்சு, லேபிளை மறைப்பது என எல்லாம் கிங்ஸ்டன் வழக்கமே. ஹிப்ஹாப்பின் பிறந்தநாளாக இன்று கொண்டாடப்படும் நாள் அது.

ஜூக்பாக்ஸ்களைப் பராமரித்துக்கொண்டு, அதிலிருந்து கழற்றிய பழைய தட்டுகளை விற்றுக் கிங்ஸ்டனில் கடை தொடங்கிய வின்சென்ட் சின்னும் மனைவி பாட்ரீஷியாவும் 1970களின் இறுதியில் நியூயார்க் போய் ‘விபி ரெக்கார்ட்ஸ்’ நிறுவினார்கள். அவர்கள் கடை போட்ட பகுதியின் பேரும் ஜமைக்காதான். உலகின் மிகப்பெரிய ரெகே நிறுவனங்களில் ஒன்றாக அது வளர்ந்தது.

இன்னொரு நாட்டையும் சொல்லியாக வேண்டும். 2018 நவம்பர் 29 அன்று யுனெஸ்கோ ஜமைக்காவின் ரெகேயை மானுடத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்தக் கூட்டம் நடந்தது தைப்பூசத்துக்கு அரசு விடுமுறை விடும் மொரிஷியஸின் தலைநகர் போர்ட் லூயிஸில். அந்தத் தீவில் அடிமைகளின் வழிவந்த கிரியோல் மக்களின் ‘செகா’வோடு ரெகேயைக் கலந்து ‘செகே’ என்ற இசையை உருவாக்கிய பாடகர் காயா. மார்லியின் ஆல்பம் ஒன்றின் பேரைத் தன் பேராக வைத்துக்கொண்டவர். கஞ்சாவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கக் கோரி நடந்த இசைக்கூட்டத்தில் புகைத்ததற்காகக் கைதாகி, 1999 பிப்ரவரி 21 அன்று போலீஸ் காவலில் பிணமாகக் கிடந்தார். நாடே பற்றியெரிந்தது. ரெகேக்கு உலக மரியாதை அறிவிக்கப்பட்ட ஊர் அது என்பதைக் கொண்டாட்டச் செய்திகளில் யாரும் நினைவுகூர்ந்ததாக என் கண்ணில் படவில்லை.

1985இல் ரிடிமின் கதை ஒரு திருப்பம் கண்டது. வெய்ன் ஸ்மித் என்ற இளம்பாடகரும் நண்பர் நோயல் டேவியும் காசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டை நோண்டிக்கொண்டிருந்தபோது, அதில் முன்கூட்டியே பதித்துவைத்த தாளமொன்று சிக்கியது. ‘ராக்’ என்று பேர் போட்ட பொத்தான். டப்பியிடம் தொழில் கற்ற பிரின்ஸ் ஜாமி அதன் வேகத்தைக் குறைத்துப் பாட்டோடு சேர்த்தார். பிப்ரவரி 23 அன்று வால்தம் பார்க் ரோட்டில் நடந்த சவுண்ட் சிஸ்டப் போட்டியில் அந்த ‘ஸ்லெங் டெங்’ ஒலித்ததும் எதிர்த்தரப்பு ஓய்ந்தது. பேஸ்காரரும் வேண்டாம், டிரம்ஸ்காரரும் வேண்டாம். அதே தடத்தின் மேல் நூற்றுக்கணக்கான பாடல்கள் வந்தன. ஸ்டுடியோவில் கூலிக்கு வாசித்துவந்த பலருக்கு வேலை போனது.

அந்தத் தாளத்தைக் காசியோவுக்குச் செய்துகொடுத்தவர் ஒக்குடா ஹிரோக்கோ. இசைக் கல்லூரி முடித்து 1980இல் வேலைக்குச் சேர்ந்த கையோடு அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று அது. கல்லூரியில் அவர் எழுதிய பட்டப்படிப்பு ஆய்வேடு ரெகேயைப் பற்றியது. டோக்கியோவில் தட்டுகளைத் தேடித்தேடிக் கேட்ட ஒரு மாணவியின் விரல்வழியாகப் போன தாளம், அவருக்குத் தெரியாமலே ஜமைக்காவின் இசையைக் கணினி யுகத்துக்கு இழுத்துவந்திருக்கிறது. தான் அதைச் செய்தபோது மனத்தில் இருந்தது பிரிட்டிஷ் ராக் என்றுதான் அவர் பின்னாளில் சொன்னார்.

இங்கேதான் எனக்கும் தம்பி மகளுக்கும் வழக்கு. ஜமைக்காவில் 1993வரை நடைமுறையில் இருந்தது பிரிட்டிஷ் ஆட்சிக்காலத்தின் 1911ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம். அதையும் யாரும் பொருட்படுத்தியதில்லை. ஒரு தடத்தை யார் வேண்டுமானாலும் எடுத்து வாசிக்கலாம் என்ற தாராளத்தால்தான் யூ-ராயும் டப்பியும் ஸ்லெங் டெங்கும் சாத்தியமானார்கள் என்பேன் நான். அவள் ‘ரியல் ராக்’கைக் காட்டுவாள். அதை வாசித்தவர்கள் அன்றைய கூலியோடு வீட்டுக்குப் போனவர்கள். அதன்மேல் வந்த பாடல்களின் லாபம் முதலாளிகளுக்கே போனது. தாராளம் யார் செலவில் என்று கேட்கிறாள். 2021இல் ஸ்டீலி அண்ட் கிளீவி என்ற ஜமைக்கா இரட்டையரின் சார்பில் லாஸ் ஏஞ்சலஸ் நீதிமன்றத்தில் ஒரு வழக்குத் தொடரப்பட்டது. 1989இல் தாங்கள் செய்த ‘ஃபிஷ் மார்க்கெட்’ தாளம்தான் ரெகேட்டோன் என்ற இசைவகை முழுவதன் முதுகெலும்பு என்பது அவர்கள் வாதம். 1,600க்கும் மேற்பட்ட பாடல்கள் அந்த வழக்கில் சிக்கியிருக்கின்றன. தள்ளுபடி செய்யும்படி எதிர்த்தரப்பு கேட்டதை நீதிபதி 2024இல் ஏற்கவில்லை.

அவர்கள் ஜெயித்தால் ஜமைக்காவின் பழைய வழக்கத்துக்கே ஆபத்து என்று நான் சொன்னேன். டேவியும் ஸ்மித்தும் பொத்தானை அழுத்தினார்கள், ஜாமி வேகத்தைக் குறைத்தார், தாளம் ஒக்குடாவுடையது, பெட்டி காசியோவுடையது. நாளைக்கு ஸ்லெங் டெங்குக்கு யாருக்குப் பங்கு பிரிப்பாய் என்று கேட்டேன். “எல்லாருக்கும்தான்” என்றாள். “முதல்ல ஒக்குடா அம்மாவுக்கு. மிச்சத்தை நீங்க பிரிங்க பெரியப்பா.”